கடிகாரத்தோடு ஒரு போட்டி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நமது முதுமொழி. விளையாட்டில் தோற்றவர் சொல்லும் சாட்டுகளுக்கு அளவில்லை. நடுவர் கண்ணை மூடிக்கொண்டார், பக்கத்தில் ஓடியவன் இடித்துவிட்டான் என்று எத்தனையோ கூறலாம். ஆனால் இத்தகைய சாட்டுகளுக்கு இடங்கொடாத போட்டியொன்று உண்டு. துவிச்சக்கர வண்டி வீரர் ‘டைம் ட்ரையல்’ என்றழைக்கும் நேரச் சோதனையே அது. மேனாட்டார் இதனை ‘உண்மையின் போட்டி’ எனவும் வழங்குவர்.

இப்போட்டியில் வீரர்கள் கூட்டமாகப் புறப்படுவதில்லை. நிமிடத்துக்கு ஒருவராகத் தனித்தனியே புறப்படுவர். முன்னே செல்பவரின் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றுக்குத் தப்புவது குற்றமாகும். குறித்த தூரத்தைக் கடக்க எடுத்த நேரமே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். எதிராளி கடிகாரம் ஒன்றே.

அண்மைக் காலத்தில் இப்போட்டியை நாடி வருவோருள் ட்ரையத்லன் என்னும் முப்போட்டியில் ஈடுபடுவோர் பலர். நீந்தி, வண்டியோட்டி, இறுதியில் கால்களால் ஓடி முடிக்கும் முப்போட்டி 1974-இல் அமெரிக்காவின் சன் டியேகோ நகரில் தொடங்கி, 2000-இல் சிட்னி ஒலிம்பிக் விழாவில் இடம்பெற்றது. அங்கு வண்டியோட்டும் தூரம் 40 கிலோமீற்றர். பிரித்தானிய நேரச் சோதனைகளில் பெரிதும் மதிக்கப்படும் 25 மைலும் ஏறக்குறைய அதே தூரந்தான். ஆகவே, முப்போட்டியாளருக்கு இது பழகிய பாதையே. எனினும், இங்கு அவர் புதிதாகக் கற்கவேண்டியது ஒன்றுண்டு. அது யாதெனக் காண்போம்.

குதிரை மிரண்ட கதை

நேரச் சோதனை பிரித்தானியாவில் வேரூன்றிய வரலாறு சுவையானது. 1890-களில் தெருக்களில் கூட்டமாக வண்டியோட்டுதல் மக்களின் வெறுப்பைத் தேடிக்கொண்டது. 1894-இல் போட்டியொன்றின்போது குதிரையொன்று மிரண்டு வீரர் சிலர் வீழ்ந்தனர். பொலிசாரின் கெடுபிடிக்கு அஞ்சிய தேசிய சங்கம் தெருப் போட்டிகளையே விலக்கியது. அப்பொழுது பிட்லேக் என்பவர் ஒரு வழி கண்டார். வீரர்களை ஒருவர் பின் ஒருவராக அனுப்பினால், அது போட்டி என்று யாருக்குத் தெரியும்? 1895 அக்டோபரில் 50 மைல் தூரத்துக்கு அவ்வாறு ஓட்டம் நடைபெற்றது. அதன்பின் நெடுங்காலம் வீரர்கள் கறுப்புடை தரித்து விடியற்காலையில் இரகசியமாகக் கூடினர். பாதைகளுக்குப் பெயரிடாது எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடுகள் வழங்கினர். இரகசியம் நீங்கிப் பல ஆண்டுகள் சென்றும் அக்குறியீடுகள் இன்றும் வழங்குகின்றன.

முப்போட்டி தந்த சீதனம்

மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் அதனை 40 ஆக்க விரும்பினால், காற்றை வெல்ல மட்டும் ஏறக்குறைய 2.4 மடங்கு வலுவைச் செலவிட வேண்டும். காற்றை அதிகம் தடுப்பது வண்டியன்று, ஓட்டுபவரின் உடலே. எனவே, உடலைக் குறுக்கித் தாழ்ந்திருத்தல் முக்கியம். முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டிப் பிடிக்கும் ஹாண்டிலை 1980-களின் பிற்பகுதியில் பரவச் செய்தவர் முப்போட்டியாளரே. 1989-இல் டூர் டி பிரான்ஸ் போட்டியின் இறுதி நாளன்று பிரெஞ்சு வீரர் லோரான் பினியோன் 50 விநாடி முன்னணியில் இருந்தார். அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீற்றர் நேரச் சோதனை. அமெரிக்க வீரர் கிரெக் லெமொண்ட் இப்புது ஹாண்டிலுடன் ஓட்டினார். மூன்று கிழமைப் போட்டியை 8 விநாடியால் வென்றார்!

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இப்போட்டிகள் நடைபெறுவது மோட்டார் வண்டிகள் ஓடும் தெருக்களிலே. வேகத்தை விரும்பித் தலையைக் கவிழ்த்துச் செல்பவர் முன்னே நிற்கும் வாகனத்தைக் காணார். சில விநாடிக்காக உயிரைப் பணயம் வைத்தல் அறிவுடைமையாகாது.

மிச்சம் பிடிக்கும் பழக்கம்

முப்போட்டியாளர் வண்டியை ஓட்டும்போது, பின்னர் ஓடவேண்டுமே என்று கால்களில் பலத்தைச் சேமித்து வைப்பார். அங்கு அது விவேகம். நேரச் சோதனையிலோ பின்னர் ஓட்டமில்லை. இறுதிக் கோட்டில் மிஞ்சிய பலம் வீணான பலமாகும். இப்பழக்கத்தை விடுவதே அவர் கற்கவேண்டிய பாடம்.

இதனைக் கேட்டவுடன் சிலர் மறுகோடிக்குப் போய், தொடக்கத்திலேயே முழுப் பலத்தையும் கொட்டிவிடுவர். இதுவும் பிழையே. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 16 கிலோமீற்றர் தூரம். முதற் பாதியை மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலும், களைத்துப்போய் மறுபாதியை 30 கிலோமீற்றர் வேகத்திலும் ஒருவர் ஓட்டுகிறார். அவருக்கு 25.6 நிமிடம் செல்லும். சீராக 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவருக்கோ 24 நிமிடமே போதும். விரைந்து ஈட்டியதிலும் தளர்ந்து இழந்தது அதிகம். முதற் சில நிமிடங்கள் ‘இது போதாதோ’ என்று தோன்றுமாறு தொடங்குக. ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் சற்று அதிகமாக முயல்க. இறக்கத்தில் இளைப்பாறுக. இறுதி இரண்டு மைலில் எஞ்சியதையெல்லாம் கொடுத்துவிடுக.

புதியவர் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. கோடைகால மாலைகளில் சங்கங்கள் நடத்தும் 10 மைல் ஓட்டமே நல்ல தொடக்கம். இருக்கும் வண்டியே போதும். தலைக்கவசமும் ஒளிரும் பின்விளக்கும் அவசியம். இருபது நிமிடமாவது உடலைச் சூடாக்கிக்கொண்டு, தமது முறைக்கு முன்னரே புறப்படும் இடத்தில் நிற்றல் வேண்டும். பிந்தி வருபவருக்காகக் கடிகாரம் காத்திராது.

நலிந்த சிறுமி

பலத்தைச் செலவிடும் இக்கலையில் இங்கிலாந்தைச் சேர்ந்த பெரில் பேர்ட்டன் அம்மையாருக்கு இணையானோர் சிலரே. சிறுவயதில் வாதக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டு நெடுநாள் வைத்தியசாலையில் கிடந்தவர் அவர். பின்னர் தோட்டமொன்றில் கடும் உழைப்புச் செய்துகொண்டே வண்டியோட்டினார். 1967-இல் 12 மணித்தியாலப் போட்டியொன்றில் 277.25 மைல் தூரம் சென்றார். அன்று ஆண்களுள் முதல்வராக வந்தவர் ஆண்களுக்கான புதிய சாதனையை நிலைநாட்டியிருந்தும், அம்மையாரின் தூரத்தை எட்டவில்லை. அவரை முந்திச் செல்கையில் அம்மையார் தமது பையிலிருந்து ஓர் இனிப்பை எடுத்து நீட்டினாராம். அவரும் நன்றி கூறி வாங்கிக்கொண்டாராம்!

ஓட்டம் முடிந்ததும் வீரர்கள் தேநீர் அருந்தியவாறு, பெயருக்கு எதிரே நேரம் எழுதப்படும் பலகையைச் சூழ்ந்து நிற்பர். முதல்வராவோர் ஒருவரே. எனினும், சென்ற கிழமையைவிடப் பத்து விநாடி குறைந்தவர் முகத்திலும் வெற்றிக்களை காணலாம். ஏனையோரின் பலம் அவர் கையில் இல்லை. தமது பலத்தை மிச்சம் பிடிக்காமலும் முன்கூட்டியே இறைத்துவிடாமலும் செலவிடுவது அவர் கையிலேயே உள்ளது. பரீட்சை மண்டபத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி எழுதும் நம் மாணவருக்கும் இப்பாடம் பயன்படும் அன்றோ?