சறுக்குமரம் என்ன பாவம் செய்தது?

2020 மே 7ஆம் தேதி, சென்னை நீங்கலாகத் தமிழ்நாட்டில், கொரோனா ஊரடங்குக்காக மூடிய டாஸ்மாக் கடைகள் திறந்தன. உயர் நீதிமன்றம் இடையில் மூடச் சொன்னாலும் 16ஆம் தேதி மறுபடி திறந்துவிட்டன. பூங்காவும் விளையாட்டுத் திடலும் திறக்க செப்டம்பர் 1 ஆயிற்று. அதுவும் உடற்பயிற்சிக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும்தான்; குழந்தையின் சும்மா விளையாட்டு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் பூட்டுப் போடவே பூங்கா அதிகம் கிடையாது. பள்ளிக்கூட மைதானம், கோயில் வாசல், கோடையில் வற்றிய ஏரி, இவைதான் திடல். பள்ளிக்கு ஏற்கெனவே பூட்டு. மற்ற இடங்களில் நாலு பையன்கள் மட்டையோடு சேர்ந்தால் “ஊரு கெடக்குற கெடப்புல உனக்குக் கிரிக்கெட் கேக்குதா?” என்று யாராவது விரட்டினார்கள். பிள்ளைகள் போன இடம் வீடு: ஜன்னல் சாத்திய அறை, ஒரே ஃபேன், அதன் கீழே கேரம் போர்டைச் சுற்றி ஐந்து தலைகள். கிருமியின் பக்கம் இருந்து பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம், எவர்சில்வரில் 48 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கிறது என்று 2020 மார்ச்சில் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அது வாட்ஸப் வழியாக ‘தொட்டால் தொற்று’ என்று ஊர் வந்து சேர்ந்தது. ஆனால் அந்தச் சோதனை நடந்தது 21 முதல் 23 டிகிரி வெப்பமுள்ள ஆய்வகத்தில், வெயில் படாமல். அங்கேயே பிளாஸ்டிக்கில் ஏழு மணி நேரத்துக்குள் வைரஸ் பாதியாகிவிட்டது. 72ஆவது மணியில் மிஞ்சியது சொற்பம்.

அதே ஆண்டு வேறொரு குழு, செயற்கை எச்சிலில் வைரஸைக் கலந்து எவர்சில்வர் தகட்டில் உலரவிட்டு, கோடை வெயிலுக்கு இணையான ஒளியைப் பாய்ச்சியது. ஏழு நிமிடத்துக்குள் 90 சதவீதம் செயலிழந்தது. திருத்தணிப் பக்கம் மே மாதம் பதினொரு மணிக்கே சறுக்குமரத் தகட்டில் தொடை வைக்க முடியாது. கிருமி மட்டும் அங்கே சுகமாக உட்கார்ந்திருக்குமா? பொருளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது.

ஆபத்து காற்றில் இருந்தது, அதுவும் அடைந்த காற்றில். சீனாவில் 7,324 நோயாளிகளின் விவரங்களை அலசியவர்களுக்கு, திறந்தவெளியில் பரவியதாக ஒரே ஒரு நிகழ்வுதான் அகப்பட்டது. நம் பக்கத்துச் சான்று இன்னும் நெருக்கமானது. ரமணன் லட்சுமிநாராயண் தலைமையிலான குழு தமிழ்நாடு, ஆந்திரா இரண்டின் பதிவுகளையும் எடுத்து, 84,965 நோயாளிகளோடு பழகிய 5,75,071 பேரைப் பின்தொடர்ந்து, 2020 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. பத்தில் ஏழு நோயாளிகள் தம்மோடு பழகியவர்களில் ஒருவருக்கும் தொற்றைக் கொடுத்ததாகத் தெரியவில்லை. நீண்ட பஸ், ரயில் பயணத்தில் அருகே உட்கார்ந்தவர்களிலோ சுமார் 80 சதவீதம் பேருக்குத் தொற்று.

அதே ஆய்வு, ஒத்த வயதுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தாராளமாகப் பரப்பினார்கள் என்றும் காட்டியது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று கை கழுவ முடியாதுதான். ஆனால் எப்படியும் சேர்ந்து விளையாடப் போகிறவர்களை ஃபேனுக்கடியில் உட்காரவைப்பதா, ஏரிக்கரைக்கு அனுப்புவதா என்பதே கேள்வி. நான் ஏரிக்கரை என்பேன்.

பூட்டுக்கு விலையும் உண்டு. சீனாவின் ஃபெய்செங் நகரில் ஆறு வயதுக் குழந்தைகளிடம் கிட்டப்பார்வை, முந்தைய ஐந்தாண்டுகளில் எப்போதும் 6 சதவீதத்தைத் தொட்டதில்லை. 2020இல் வீடடங்கிக் கிடந்த பிறகு 21.5 சதவீதம். வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் சுரக்கும். அது கண்விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்று கருதப்படுகிறது. வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ். வெளியே வெயிலில் பல்லாயிரம்.

சறுக்குமரத்தைச் சந்தேகிக்க வேண்டிய நோயும் இருக்கிறது. 2022இல் கேரளாவில் தக்காளிக் காய்ச்சல் என்று பேசப்பட்டதே, அந்தக் கை-கால்-வாய் நோய். அதன் வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. சானிடைசருக்குச் சுலபத்தில் மசியாது, பொம்மையிலும் கைப்பிடியிலும் நாள்கணக்கில் ஒட்டிக்கிடக்கும். அது ஊருக்குள் வரும்போது ஊஞ்சல் சங்கிலியைக் கழுவலாம். பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடலாம்.