ரோஜர் ஆக்ராய்டு கொலை (புதினம்)

ரோஜர் ஆக்ராய்டு கொலை என்பது ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி எழுதிய துப்பறியும் புதினம் ஆகும். ஆங்கிலத்தில் 'த மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்டு' என்னும் பெயரில் 1926 ஆம் ஆண்டு நூலாக வெளியானது. அதற்கு முன் 1925 இல் இலண்டன் 'ஈவினிங் நியூஸ்' நாளிதழில் வேறொரு தலைப்பில் தொடராக வந்தது. பெல்ஜியத் துப்பறிவாளர் எர்க்கியூல் புவாரோ தோன்றும் மூன்றாவது புதினம் இது. இதன் முடிவு வாசகருக்கு நிறைவளிப்பதா அல்லது வாசகரை ஏமாற்றுவதா என்பது பற்றி நூல் வெளியான காலம் முதல் விவாதம் நடந்து வருகிறது. மர்மக் கதை ஒன்றின் முடிவு எப்போது நேர்மையானதாகும் என்னும் கேள்விக்கு இப்புதினம் இன்றும் முதன்மையான எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது.

எச்சரிக்கை: இனி வரும் பகுதிகளில் கதையின் முடிவு வெளிப்படுத்தப்பட்டுள்ளது.

கதைச் சுருக்கம்

கதை கிங்ஸ் அபட் என்னும் கற்பனைச் சிற்றூரில் நடைபெறுகிறது. ஊர் மருத்துவரான ஜேம்ஸ் ஷெப்பர்ட் கதையைத் தன்மையில் கூறுகிறார். அவருடன் திருமணமாகாத அக்காள் கரோலின் வசிக்கிறார். பணிஓய்வு பெற்று அவ்வூரில் காய்கறி பயிரிட்டு வாழும் புவாரோ அவர்களுடைய அண்டை வீட்டார்.

திருமதி ஃபெரார்ஸ் என்னும் கைம்பெண் அளவு மீறிய தூக்க மருந்தால் இறக்கிறார். அவர் தம் கணவரை நஞ்சிட்டுக் கொன்றவர் என்பதையும், அதை அறிந்த ஒருவர் அவரை மிரட்டிப் பணம் பறித்து வந்தார் என்பதையும் செல்வரான ரோஜர் ஆக்ராய்டு ஷெப்பர்டிடம் கூறுகிறார். அன்றிரவே திருமதி ஃபெரார்ஸ் இறக்குமுன் எழுதிய கடிதம் ஆக்ராய்டுக்கு வந்து சேர்கிறது. மிரட்டியவரின் பெயர் அதில் உள்ளது. அதைத் தனிமையில் படிக்க விரும்புவதாக ஆக்ராய்டு கூற, மருத்துவர் விடைபெறுகிறார். பின்னர் ஆக்ராய்டு தம் படிப்பறையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்து கிடப்பது தெரியவருகிறது. கடிதத்தைக் காணவில்லை. ஆக்ராய்டின் வளர்ப்பு மகன் ரால்ஃப் பேட்டன் மீது ஐயம் விழுகிறது. புவாரோ புலனாய்வை மேற்கொள்ள, ஷெப்பர்ட் அவருக்குத் துணையாக இருந்து நிகழ்வுகளை எழுதி வருகிறார்.

முடிவு

மிரட்டிப் பணம் பறித்தவரும் கொலையாளியும் ஷெப்பர்ட்தான் என்று புவாரோ நிறுவுகிறார். ஆக்ராய்டைக் கொன்ற பின், அவர் உயிரோடு பேசிக்கொண்டிருப்பதாக மற்றவர் நம்புவதற்காக ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை அறையில் இயங்கவிட்டுச் சென்றிருந்தார் ஷெப்பர்ட். பிணம் கண்டெடுக்கப்பட்டபோது முதல் ஆளாக அங்கே இருந்து அக்கருவியை அகற்ற வேண்டியிருந்தது. எனவே தமக்குத் தொலைபேசி அழைப்பு வருமாறும் முன்னரே ஏற்பாடு செய்திருந்தார். உண்மை வெளிப்பட்ட பின், தம் அக்காளுக்கு இழிவு நேராதிருக்கத் தம் உயிரை மாய்த்துக்கொள்ள அவர் முடிவு செய்வதோடு கையெழுத்துப்படி நிறைவு பெறுகிறது.

முடிவு சர்ச்சைக்குள்ளானதன் காரணம்

ஆர்தர் கொனன் டொயிலின் செர்லாக் ஓம்சு கதைகளில் மருத்துவர் வாட்சன் கதைசொல்லியாக அமைந்தார். அதன் பின், துப்பறிவாளரின் நண்பர் சொல்லும் கதை என்பது இவ்வகை இலக்கியத்தின் மரபாகிவிட்டது. அந்நண்பர் அறிவில் சற்றுக் குறைந்தவராயினும் நம்பத்தக்கவர் என்று வாசகர் கேளாமலே ஏற்றுக்கொண்டனர். கிறிஸ்டி இந்த நம்பிக்கையையே மறைவிடமாகப் பயன்படுத்தினார். வாசகர் எல்லாக் கதைமாந்தரையும் ஐயுறுவர். தமக்குக் கதை சொல்பவரை மட்டும் ஐயுறார்.

கதைசொல்லியே குற்றவாளியாக இருப்பது இதற்கு முன்பும் எழுதப்பட்டுள்ளது. உருசிய எழுத்தாளர் அன்டன் செக்கோவ் 1880களில் எழுதிய புதினம் ஒன்றும், நோர்வே எழுத்தாளர் ஸ்டைன் ரிவர்ட்டன் 1909 இல் வெளியிட்ட 'இரும்புத் தேர்' என்னும் புதினமும் எடுத்துக்காட்டுகளாகும். இக்கருத்தைத் தமக்கு முதலில் கூறியவர் தம் அக்காளின் கணவர் ஜேம்ஸ் வாட்ஸ் என்று கிறிஸ்டி தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். பிற்காலத்தில் இந்தியாவின் வைசிராயாகப் பணியாற்றிய மவுண்ட்பேட்டனும் இதையொத்த கருத்தைக் கடிதம் வழியாக அவருக்குத் தெரிவித்திருந்தார்.

எதிர்ப்பும் ஆதரவும்

எஸ். எஸ். வான் டைன் என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்கர் வில்லார்ட் ஹண்டிங்டன் ரைட், இவ்வுத்தி துப்பறியும் கதைக்கு முறையானதன்று என்று 1927 இல் எழுதினார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட இருபது விதிகளில் ஒன்று, குற்றவாளி துப்பறிவாளரை ஏமாற்றக் கையாளும் தந்திரங்கள் தவிர வேறு தந்திரம் எதையும் வாசகர் மீது எழுத்தாளர் ஏவலாகாது என்பதாகும்.

கத்தோலிக்கக் குருவும் எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929 இல் வகுத்த பத்து விதிகளும் இங்கு கருதத்தக்கவை. குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாக வேண்டும். ஆனால் வாசகர் எவருடைய எண்ணங்களைப் பின்தொடர்ந்து வந்தனரோ அவர் குற்றவாளியாக இருத்தல் கூடாது என்பது முதல் விதி. எனினும், கிறிஸ்டியின் ஆக்கங்களைக் கருதும்போது இதன் பிற்பகுதியைத் துல்லியமாக வரையறுப்பது கடினம் என்று நாக்ஸ் ஒப்புக்கொண்டார்.

சக எழுத்தாளரான டொரதி எல். சேயர்ஸ் கிறிஸ்டியை ஆதரித்தார். தேவையான தடயங்கள் அனைத்தும் தரப்பட்டிருக்கையில், எல்லோரையும் ஐயுறுவது வாசகரின் கடமை என்பது அவர் வாதம்.

நேர்மை பற்றிய ஆய்வு

இரண்டாம் முறை படிக்கும்போது, ஷெப்பர்ட் கொலையைப் பற்றி நேரடியான பொய்யைப் பெரும்பாலும் எழுதவில்லை என்பது புலப்படும். சொல்லாமல் விடுவதே அவர் முறை. கடிதம் வந்த நேரத்தையும் தாம் வெளியேறிய நேரத்தையும் அவர் குறிப்பிடுகிறார். இடைப்பட்ட பத்து நிமிடத்தில் நடந்ததை மட்டும் கூறாது கடக்கிறார். பிணத்தருகே சிறிது நேரம் தனித்திருந்தபோது செய்ய வேண்டியதைச் செய்ததாகப் பொதுப்படையாக எழுதுகிறார். அது கருவியை அகற்றியதைக் குறிக்கும் என்பது முடிவில்தான் விளங்குகிறது. இறுதி இயலில் இவ்விடைவெளிகளை அவரே சுட்டிக்காட்டித் தம் எழுத்துத் திறனை மெச்சிக்கொள்கிறார்.

தடயங்களும் கண்முன்னே வைக்கப்பட்டுள்ளன. படிப்பறையில் ஒரு நாற்காலி இடம் மாறியிருந்தது. அது கருவியைக் கதவுப் பக்கமிருந்து பார்ப்போருக்கு மறைத்தது. தொலைபேசி அழைப்பால் பயனடைந்தவர் யார் என்ற கேள்வியும் வாசகர் முன் உள்ளது.

இதிலிருந்து, நிறைவளிக்கும் முடிவுக்குரிய இரு தன்மைகளைப் பிரித்தறியலாம். ஒன்று வியப்பு, மற்றொன்று, இவ்வாறன்றி வேறெவ்வாறும் முடிந்திருக்க இயலாது என்னும் உணர்வு. தடயமின்றி வரும் வியப்பு ஏமாற்றமாக முடியும். வியப்பின்றி வரும் விடை சலிப்பைத் தரும். இப்புதினத்தை எதிர்ப்போர், தடயங்கள் இல்லை என்று வாதிடுவதைவிட, கதைசொல்லிக்கும் வாசகருக்கும் இடையிலான எழுதப்படாத உடன்பாடு மீறப்பட்டது என்றே வாதிடுகின்றனர்.

பிற்கால மதிப்பீடு

அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1945 இல் துப்பறியும் இலக்கியம் முழுவதையும் சாடி எழுதிய கட்டுரைக்கு, ஆக்ராய்டைக் கொன்றவர் யாரென்பது யாருக்கு வேண்டும் என்னும் பொருளில் தலைப்பிட்டார். பிரெஞ்சுப் பேராசிரியர் பியர் பயார் 1998 இல் வெளியிட்ட நூலில் புவாரோவின் முடிவையே மறுத்தார். உண்மைக் கொலையாளி கரோலின் என்றும், ஷெப்பர்ட் அக்காளைக் காக்கப் பழியை ஏற்றார் என்றும் அவர் வாதிட்டார். சொல்லாமல் விடுபவர் என்று தெரிந்த ஒருவரின் ஒப்புதலை மட்டும் ஏன் முழுமையாக நம்ப வேண்டும் என்பது இவ்வாதம் எழுப்பும் கேள்வியாகும்.

முடிவை முன்கூட்டியே அறிவது கதையின் சுவையைக் கெடுக்குமா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக உளவியலாளர்கள் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், சிறுகதைகளின் முடிவை அறிந்து படித்தவர்கள் சராசரியாக அவற்றைச் சற்றுக் கூடுதலாகவே விரும்பினர். பின்னர் வந்த சில ஆய்வுகள் இதற்கு மாறான முடிவுகளைத் தந்தன.

பிரித்தானியக் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் 2013 இல் நடத்திய வாக்கெடுப்பில், இதுவரை வெளிவந்தவற்றுள் மிகச் சிறந்த குற்றப் புதினமாக இது தெரிவு செய்யப்பட்டது. ஒரு காலத்தில் விதிமீறல் எனக் குறை கூறப்பட்ட முடிவே இந்நூலின் பெருமைக்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.