காலியான நீச்சல் குளம் மிதக்குமா?

வீட்டு நீச்சல் குளத்தின் பூச்சு உதிர ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "எந்த டைல்ஸ் போடலாம், சதுர அடிக்கு என்ன ஆகும்?" என்பதுதான். காவிரியின் கடைமடையில், அதுவும் காரைக்கால் மாவட்டத்து விழிதியூர் போன்ற ஊரில், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. குளத்துக்கு வெளியே, மண்ணுக்குள், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது? இதைப் பார்க்காமல் குளத்தை இறைத்துவிட்டால், மேற்பூச்சுக்கு வைத்திருந்த பணம் தொட்டியையே மறுபடி கட்டுவதற்குப் போய்விடக்கூடும்.

அடியிலிருந்து தள்ளும் நீர்

அரசலாறு, திருமலைராஜனாறு, நூலாறு, வாஞ்சியாறு என்று காவிரியின் கிளைகள் கடலைத் தொடுகிற பகுதி காரைக்கால். தரைமட்டம் தாழ்வு, கடல் பக்கத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். 2008 நவம்பர் 27 அன்று 'நிஷா' புயல் காரைக்கால் அருகே கரை கடந்தபோது பெய்ததைப் போன்ற மழை வந்தால் மண்ணுக்குள் மேலும் நீர் இறங்க இடமே இருக்காது.

இந்த மண்ணில் புதைந்திருக்கும் கான்கிரீட் தொட்டி, இயற்பியல் கணக்கில் ஒரு தோணி. நீர் நிரம்பியிருக்கும்வரை உள்ளே இருக்கும் எடை அதை அமுக்கி வைக்கிறது. காலி செய்ததும் ஆர்க்கிமிடீஸ் விதி வேலையைத் தொடங்குகிறது.

உள்ளளவில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் உள்ள குளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவர் 20 சென்டிமீட்டர், தளம் 15 சென்டிமீட்டர் கனம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2.4 டன். கூட்டிப் பார்த்தால் தொட்டியின் எடை ஏறக்குறைய 31 டன். வெளியே நிலத்தடி நீர், தளத்தின் அடிப்பகுதிக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் 1 டன் விசையோடு மேலே தள்ளும். வெளியளவில் அடித்தளம் சுமார் 37 சதுர மீட்டர் என்பதால் மொத்த விசை 37 டன். சுவரைப் பிடித்திருக்கும் மண் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அது போதாதபோது தொட்டி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், அல்லது தளம் நடுவில் வீங்கி வெடிக்கும். குழாய் இணைப்புகள் அறுந்துபோகும்.

நம் பழைய குளங்களுக்கு இந்த ஆபத்து கிடையாது. காரைக்கால் அம்மையார் கோயில் எதிரிலுள்ள சந்திர தீர்த்தம் ஆனாலும், ஊர்ப் பொதுக்குளம் ஆனாலும், கரைக்குப் படிக்கட்டு இருக்கும். அடி மண்ணாக இருந்தால் நீர் மேலும் கீழும் போய்வர வழி உண்டு. அழுத்தம் தேங்குவதில்லை. காரைக்காலில் 2019இல் 'நம் நீர்' திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நீர்நிலைகள் தூர் வாரப்பட்டன. அப்படித் தூர் வாரிய குளம் நிரம்பும்போது சுற்றியுள்ள நிலத்தடி நீரும் உயரும். ஊருக்கு அது நல்லது. பக்கத்தில் கான்கிரீட் தொட்டி கட்டியவர் மட்டும் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது இறைக்கலாம்?

மேட்டூர் அணையிலிருந்து பாசன நீர் திறப்பது வழக்கமாக ஜூன் 12இல். மூடுவது ஜனவரி 28இல். ஆற்றில் நீர் வற்றி, அறுவடையும் முடிந்த பிறகு நிலத்தடி நீர் மெல்ல இறங்கும். கத்திரி வெயிலில் அது நன்றாகவே தாழ்ந்திருக்கும். ஆனால் அதே வெயிலில் சிமென்ட் பூச்சு இறுகுமுன் காய்ந்து, நூல் நூலாக வெடிக்கும். ஆகவே மாசிக் கடைசியிலிருந்து சித்திரைத் தொடக்கம் வரையிலான நாட்களே இரண்டுக்கும் நடுவிலான நல்ல காலம். அதையும் தாண்டினால் பச்சை வலை கட்டி, விடியற்காலையில் பூசி, ஈரச் சாக்கு போர்த்தி வேலை செய்ய வேண்டியிருக்கும்.

மாதத்தை மட்டும் நம்பக் கூடாது. பக்கத்துக் கிணற்றில் கயிறு விட்டு அளந்து பார்க்கலாம். கிணற்று நீர் குளத்தின் தளத்துக்குக் கீழே இருந்தால் இறைக்கலாம். மேலே இருந்தால் குளத்தை ஒட்டிக் குழி எடுத்து, அதில் மோட்டார் வைத்து, வேலை முடியும்வரை நிலத்தடி நீரை இறக்கி வைக்க வேண்டும். சில குளங்களின் அடிவடிகாலில் அழுத்தம் விடும் வால்வு இருக்கும். வெளி அழுத்தம் கூடினால் அது திறந்து நீரை உள்ளே விடும். பழைய குளத்தில் அது சேறு அடைத்தோ, முந்தைய பூச்சில் மூடியோ கிடக்கலாம். முதலில் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பூச்சு ஏன் உதிர்கிறது?

உள்ளே இருக்கும் நீரும் சும்மா இருப்பதில்லை. சிமென்ட் பூச்சின் உயிர் கால்சியத்தில் இருக்கிறது. கால்சியம் குறைந்த நீர், தனக்கு வேண்டியதைப் பூச்சிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும். மேற்பரப்பு சொரசொரப்பாகி, குழி விழுந்து, பாசி பிடிக்கும். கால்சியம் மிகுந்த நீர் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் திட்டுகளைப் படிய வைக்கும். நீர் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கணக்கிடும் முறையை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஃபிரட் லாங்கிலியர் 1936இல் வெளியிட்டார். குடிநீர்க் குழாய்களுக்காக வந்த அந்தக் குறியீடுதான் இன்று நீச்சல் குளங்களுக்கும் அளவுகோல். பி.எச். 7.2 முதல் 7.8, காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம்., கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம். என்ற எல்லைக்குள் வைத்தால் பூச்சு பிழைக்கும்.

கடலோர வீடுகளில் இது இரு பக்கமும் இழுக்கும். போர் தண்ணீர் உப்பு என்று ஆர்.ஓ. நீரை நிரப்பினால் அதில் கால்சியமே இருக்காது. மழை நீரும் அப்படித்தான். மாத்திரை வடிவில் வரும் ட்ரைக்ளோர் நீரைப் புளிப்பாக்கும். பிளீச்சிங் பவுடர் காரத்தையும் கால்சியத்தையும் கூட்டும். எந்த நீருக்கு எந்தக் குளோரின் என்று பாராமல் போட்டால், புதுப் பூச்சும் பழைய பூச்சின் வழியிலேயே போகும்.

இதைவிட மோசமானது கம்பித் துரு. உப்பு நீரின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறி, கம்பியின் மேலிருக்கும் காப்புப் படலத்தைக் கிழித்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும். டைல்ஸ் ஓரத்தில் செம்பழுப்புக் கறை தெரிந்தால் கோளாறு கம்பியில் இருக்கலாம். அந்த இடத்தைக் கம்பி தெரியும்வரை உடைத்து, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலவையால் அடைத்த பிறகே மேல்பூச்சு. மேலோடு மேல் பூசி மறைத்தால் உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

எதைப் பூசலாம்?

நீர் ஒழுகாமல் தடுக்கும் கலை பழையது. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய மொகஞ்சதாரோ பெருங்குளம் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்டது. செங்கற்களை நெருக்கி அடுக்கி, ஜிப்சம் கலவையால் இணைத்து, நடுவில் தார்ப் படலமும் வைத்திருந்தார்கள். நீர் தாங்கும் அடுக்கு வேறு, கண்ணுக்குத் தெரியும் அடுக்கு வேறு என்ற பாடம் அதிலேயே இருக்கிறது. இன்றுள்ள முறைகளையும் அப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

வெள்ளை சிமென்ட்டும் பளிங்குத் தூளும் கலந்த பூச்சு சுமார் 12 மில்லிமீட்டர் கனத்தில் வரும். நீரின் வேதியியல் சரியாக இருந்தால் பத்தாண்டு அளவில் உழைக்கும். டைல்ஸ், கண்ணாடி மொசைக் இரண்டும் விலை கூடியவை; ஆயுளும் கூடியவை. அவற்றின் பலவீனம் இடுக்கில்தான். அங்கே சாதாரண சிமென்ட்டைவிட எப்பாக்சி கிரவுட் நன்றாகத் தாங்கும். எப்பாக்சி பெயிண்ட் தொடக்கச் செலவில் குறைவு, ஆனால் சில ஆண்டுகளிலேயே மறுபடி அடிக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் விரிப்பும், பி.வி.சி. லைனரும் விரிசல் விட்ட தொட்டிக்குள் தனித் தோலாக நிற்கும்.

கடைமடையில் இவற்றில் எது பொருந்தும் என்று அறிய ஒரு சோதனை உண்டு. குளம் காய்ந்தபின் தெளிவான பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் பின்பக்கத்திலிருந்து வருகிறது. அதன் மேல் எப்பாக்சி அடித்தால் கொப்பளம் கொப்பளமாக எழும்பும். அப்படிப்பட்ட இடத்தில் கான்கிரீட்டின் நுண்துளைக்குள் படிகமாக வளர்ந்து அடைக்கும் சிமென்ட் வகை வாட்டர்ப்ரூஃபிங் ஏற்றது. பின்பக்க அழுத்தத்தையும் அது தாங்கும்.

ஒழுகுகிறதா என்று அறிய வாளி போதும். குளத்துப் படியில் வாளியை வைத்து, உள்ளும் வெளியும் ஒரே மட்டத்தில் நீர் இருக்கச் செய்யுங்கள். ஒரு நாள் கழித்து இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் வெயில் குடித்த நீர். வெளியே அதிகம் குறைந்திருந்தால் ஒழுக்கு.

செலவு எங்கே போகிறது?

ரூபாயில் சொன்னால் அடுத்த ஆண்டே பழசாகும். அளவில் சொன்னால் உள்ளூர் விலையால் யாரும் பெருக்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன குளத்தின் உட்பரப்பு 68 சதுர மீட்டர், அதாவது சுமார் 730 சதுர அடி. சேதாரம் சேர்த்து 800 சதுர அடி டைல்ஸ் வேண்டும். 3 மில்லிமீட்டர் கனத்துக்கு 20 கிலோ ஒட்டுப்பசை மூட்டை 14 அளவில் ஆகும். பழைய டைல்ஸும் அதன் அடிக்கலவையும் 3 சென்டிமீட்டர் இருந்தால் கொத்தி அள்ள வேண்டிய இடிபாடு சுமார் 4 டன். திரும்ப நிரப்ப 48,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் நான்கு நடை.

கொத்துவதும் அள்ளுவதும் ஆள் கூலி. கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையில்தான் புதுப் பூச்சின் ஆயுள் இருக்கிறது. கொத்தனார் சுத்தியலால் தட்டும்போது பொள்ளலாக ஒலிக்கிற இடமெல்லாம் பிடிப்பு விட்ட இடம். அதை விட்டுவைத்தால் மேலே ஒட்டியதும் அதோடு வரும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அங்கே பிளீச்சிங் பவுடர் இருக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும்பி, பள்ளத்தில் தேங்கும்.

வெள்ளைப் பூச்சு என்றால் நீரை இடையில் நிறுத்தாமல் நிரப்ப வேண்டும். நின்ற இடத்தில் வளையமாகக் கறை விழும். சிமென்ட் முழுதாக இறுக 28 நாட்கள். அதுவரை பி.எச்.சை அடிக்கடி பார்த்து, சுவரைத் தேய்த்து விட வேண்டும்.

எனவே ஒப்பந்தக்காரரிடம் சதுர அடிக்கு ஒரே விலை வாங்காதீர்கள். நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்துதல், கொத்தி அப்புறப்படுத்துதல், கம்பியும் விரிசலும் பழுதுபார்த்தல், நீர்த்தடுப்பு, மேல்பூச்சு என்று ஐந்து வரிகளாக எழுதி வாங்குங்கள். பணம் பற்றாவிட்டால் ஐந்தாவது வரியில் மலிவானதைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் நான்கில் குறைத்த தொகை, வட்டியோடு திரும்பக் கேட்கப்படும்.