அறவியல் கோட்பாடுகளும் நடைமுறை அறச்சிக்கலும்: சியாட்டில் டயாலிசிஸ் குழு

அறச்சிக்கல் என்பது எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நியாயமான கடமை ஒன்று நிறைவேறாமல் போகும் நிலையாகும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் இடையே தேர்வு செய்வது அறச்சிக்கல் அன்று. அங்கே தேவைப்படுவது மனவுறுதி மட்டுமே. இரண்டு நன்மைகளில் ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கும்போதுதான் அறவியல் கோட்பாடுகளின் துணை தேவைப்படுகிறது. அக்கோட்பாடுகள் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1960களில் நிகழ்ந்த ஓர் உண்மை நிகழ்வைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

சிறுநீரகம் செயலிழந்தால் குருதியில் கழிவுகள் தேங்கி, சில வாரங்களில் மரணம் நேரும். இக்கழிவுகளை இயந்திரத்தின் மூலம் பிரித்தெடுப்பதே டயாலிசிஸ். நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் 1940களிலேயே இதற்கான இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய தமனியையும் சிரையையும் வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், ஒரே நோயாளிக்கு நீண்டகாலம் சிகிச்சை தர இயலவில்லை. 1960ஆம் ஆண்டு சியாட்டில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிலையாகப் பொருத்தி வைக்கக்கூடிய டெஃப்லான் குழாயை உருவாக்கி இத்தடையை நீக்கினார். அவருடைய முதல் நோயாளி அதன்பின் 11 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

1962 ஜனவரியில் சியாட்டிலில் செயற்கைச் சிறுநீரக மையம் திறக்கப்பட்டது. இயந்திரங்கள் சில, செலவு மிக அதிகம், காத்திருந்தவர்கள் பலர். முதலில் மருத்துவர்கள், உடல்நிலை அடிப்படையில் தகுதியானவர்களைப் பிரித்தனர். சிறுவர்களும் 45 வயதைக் கடந்தவர்களும் விலக்கப்பட்டனர். அதன் பிறகும் இடங்களைவிட நோயாளிகளே மிகுந்திருந்தனர். எஞ்சியவர்களில் யாருக்கு இடம் தருவது என்பதை முடிவு செய்ய எழுவர் குழு அமைக்கப்பட்டது. அதில் ஒரு வழக்கறிஞர், மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர் ஆகியோர் இருந்தனர். அவர்கள் ஊதியம் பெறவில்லை. அவர்களின் பெயர்களும் வெளியிடப்படவில்லை. நோயாளியின் வயது, பால், மணநிலை, பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம், சொத்து, கல்வி, தொழில், மன உறுதி, எதிர்காலத்தில் அவரால் சமூகத்துக்குக் கிடைக்கக்கூடிய பயன் ஆகியவற்றை அவர்கள் எடைபோட்டனர். இடம் கிடைக்காதவர் இறந்துபோவார் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது.

1962 நவம்பரில் 'லைஃப்' இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய கட்டுரையால் இச்செய்தி நாடெங்கும் பரவியது.

பயன்பாட்டுவாதம்

ஜெரமி பெந்தாம், ஜான் ஸ்டூவர்ட் மில் ஆகியோர் வளர்த்த இக்கோட்பாட்டின்படி, ஒரு செயலின் சரியும் தவறும் அதன் விளைவால் அறியப்படும். பாதிக்கப்படும் அனைவருக்கும் சேர்த்து மிகுதியான நன்மை தரும் செயலே சரியானது. ஆறு பிள்ளைகளின் தந்தை இறந்தால் ஏழு வாழ்வுகள் குலையும். தனியாள் இறந்தால் இழப்பு குறைவு என்று இக்கணக்கு சொல்லும். குழுவினர் பெரும்பாலும் இவ்வழியிலேயே சிந்தித்தனர்.

இக்கணக்கு ஒரு விபரீதத்துக்கும் இட்டுச் செல்லும். சிக்கனமாக வாழ்ந்து சேமித்து வைத்தவர் இறந்தால் அவர் குடும்பம் அரசுக்குச் சுமையாகாது. சேமிக்காதவர் இறந்தால் சுமையாகும். அப்படியானால் பொறுப்பாக வாழ்ந்தவருக்கு அதுவே பாதகமாகிறது. மேலும், ஒருவரால் வருங்காலத்தில் விளையப்போகும் நன்மையை யாராலும் உறுதியாகக் கணிக்க முடியாது.

பயன்பாட்டுவாதத்துக்கு உள்ளேயே இதற்கு மறுமொழி உண்டு. தனித்தனிச் செயலின் விளைவைப் பார்க்காமல், பொதுவிதியாக எது நன்மை தரும் என்று பார்க்க வேண்டும் என்பர் சிலர். 'நாளை நான் நோயுற்றால் என் வாழ்வின் மதிப்பை அயலார் அளப்பார்கள்' என்ற அச்சம் சமூகம் முழுவதும் பரவினால், அந்த அச்சமும் கணக்கில் சேர வேண்டும்.

கடமை அறவியல்

இம்மானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் விலைக்கும் மாண்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மாண்புள்ளதற்கு ஈடு கிடையாது. மனிதருக்கு இருப்பது மாண்பு. எனவே வங்கி அதிகாரியின் உயிரையும் கூலித் தொழிலாளியின் உயிரையும் தராசில் வைப்பதே தவறு.

ஆனால் இடம் ஒன்று, நோயாளிகள் இருவர் என்றால் என்ன செய்வது? மருத்துவத் தகுதியில் சமமானவர்களுக்குச் சமமான வாய்ப்புத் தருவதே இக்கோட்பாட்டுக்கு ஏற்ற வழி. சீட்டுக் குலுக்கலாம், அல்லது முதலில் வந்தவருக்கு முதலில் தரலாம். குலுக்கல் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகத் தோன்றலாம். எனினும் தோற்றவரிடம் 'உன் வாழ்வு மதிப்புக் குறைந்தது' என்று அது சொல்வதில்லை. வரிசை முறைக்கும் ஒரு குறை உண்டு. நல்ல மருத்துவரை எளிதில் அணுக முடிந்தவரே வரிசையில் முந்துவார்.

நற்பண்பு அறவியல்

அரிஸ்டாட்டிலைப் பின்பற்றும் இம்மரபு, 'என்ன செய்ய வேண்டும்' என்பதோடு 'முடிவெடுப்பவர் எத்தகையவராக இருக்க வேண்டும்' என்றும் கேட்கிறது. நேர்மை, இரக்கம், நடைமுறை அறிவு ஆகியவை அவரிடம் தேவை. சியாட்டில் குழுவினர் தீயவர்கள் அல்லர், வேதனையோடுதான் பணியாற்றினர். ஆனால் தம்மைப் போன்றவர்களிடமே அவர்களால் மதிப்பைக் காண முடிந்தது என்ற விமர்சனம் எழுந்தது. 1968இல் டேவிட் சாண்டர்ஸ், ஜெஸ்ஸி டூக்மினியர் ஆகியோர், நடுத்தர வர்க்கத்தின் விருப்பு வெறுப்புகளே இத்தேர்வில் அளவுகோலாயின என்று கடுமையாக எழுதினர். தேவாலயப் பணிகளில் ஈடுபடுவது சாதகமானால், தனிப்போக்கில் வாழ்பவருக்கு இடமில்லாமல் போகும். தன் சார்பை அறிந்து அதைக் கட்டுப்படுத்துவதும் ஒரு நற்பண்பே.

நீதிக் கோட்பாடு

ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நூலில் ஒரு சிந்தனைச் சோதனையை முன்வைத்தார். சமூகத்தில் நாம் செல்வரா வறியரா, ஆணா பெண்ணா, நோயாளியா நலமுள்ளவரா என்பது நமக்கே தெரியாது என்று கொள்வோம். அந்நிலையில் எந்த விதிகளுக்கு உடன்படுவோம்? வருமானத்தையும் கல்வியையும் அளவுகோலாக்கும் விதிக்கு எவரும் எளிதில் உடன்படமாட்டார்.

இக்கோணம் இன்னொரு வினாவையும் எழுப்புகிறது. இயந்திரங்கள் ஏன் போதவில்லை? அவற்றைச் செய்யும் தொழில்நுட்பம் இருந்தது, இல்லாதது பணம். எழுவர் குழுவின் முன் இருந்த பற்றாக்குறை, வேறிடத்தில் எடுக்கப்பட்ட நிதி முடிவுகளின் விளைவு. 1972 அக்டோபரில் நிறைவேறிய சட்டத்தின்படி, முற்றிய சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம் செலவை ஏற்றது. எழுவரால் நல்ல விடை காண முடியாத கேள்வியே அதன்பின் எழாமல் போயிற்று.

நடைமுறைப் பயன்

கோட்பாடுகள் வாய்பாடு போல ஒரே விடையைத் தருவதில்லை. ஒவ்வொன்றும் மற்றது தவறவிடும் ஒரு கேள்வியைக் கேட்கிறது. ஓர் அறச்சிக்கலை ஆராயும்போது பின்வரும் வரிசை உதவும்:

1. உண்மை விவரங்களைத் திரட்டுதல். பற்றாக்குறை உண்மையானதா என்று பார்த்தல்.
2. யார் யாருக்கு என்ன விளைவு என்று கணித்தல்.
3. எந்த விளைவுக்காகவும் மீறக்கூடாத எல்லை எது என்று வரையறுத்தல்.
4. முடிவெடுப்பவரின் சார்பைச் சோதித்தல்.
5. பாதிக்கப்படுபவரிடம் நேருக்கு நேர் காரணம் கூற முடியுமா என்று பார்த்தல்.

கோட்பாடுகள் ஒரே திசையைக் காட்டினால் முடிவில் நம்பிக்கை கூடும். முரண்பட்டால், எதை இழக்கிறோம் என்பதையாவது தெளிவாக அறிந்து முடிவெடுக்கலாம்.

உடல் உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் இதே சிக்கல் இன்றும் நீடிக்கிறது. 2020 மார்ச்சில் கோவிட் பரவலின்போது, தீவிர சிகிச்சைப் படுக்கைகள் போதாத நிலையில் வயது வரம்பு வைக்க நேரிடலாம் என்று இத்தாலிய மயக்க மருந்தியல் சங்கம் வெளியிட்ட பரிந்துரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. சியாட்டிலில் எழுவர் மூடிய அறையில் பேசியதை அங்கே ஒரு நாடே வெளிப்படையாகப் பேச வேண்டியதாயிற்று. அளவுகோல் எதுவாயினும், அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, எல்லோராலும் கேள்வி கேட்கப்படக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே இவ்விரு நிகழ்வுகளும் தரும் பாடம்.