ரயில் டிக்கெட்டில்தான் இருக்கு சூட்சுமம்! பிரிட்டன் பீச் டவுன்களைச் சிக்கனமாகச் சுற்றுவது எப்படி?

லண்டன், லீட்ஸ், மான்செஸ்டர் என்று மாஸ்டர்ஸ் படிக்கப் போன நண்பர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் மூன்று மாசம் பனி, பிக் பென், டபுள் டெக்கர் பஸ் என்று தூள் பறக்கும். அப்புறம் கப்சிப். கேட்டால், "வாடகை கட்டவே சரியா இருக்கு மச்சி, இதுல எங்க ஊர் சுத்துறது?" என்பார்கள். ஒரு பவுண்டுக்கு நூறு ரூபாய்க்கு மேல் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்போது, பக்கத்து ஊர் கடற்கரைகூட தூரமாகத்தான் தெரியும்.

ஆனால், அந்தக் கடற்கரை ஊர்கள் பலவும் வளர்ந்ததே கையில் காசு குறைவாக இருந்தவர்களால்தான்.

ஆரம்பத்தில் அங்கே போனவர்கள் பிரபுக்கள். கடல்நீரில் குளித்தால் நோய் போகும் என்று 18-ம் நூற்றாண்டு டாக்டர்கள் சொல்ல, குதிரை வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். 1841-ல் லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் ரயில் வந்ததும் கதை மாறியது. வடக்கே லங்காஷயரில் இன்னும் சுவாரஸ்யம். பஞ்சாலை நகரங்களில் 'வேக்ஸ் வீக்' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஓர் ஊரில் இருக்கும் எல்லா மில்களும் ஒரே வாரத்தில் மூடப்படும். மொத்த ஊரும் ரயிலேறி பிளாக்பூல் போய் இறங்கும். கோயம்புத்தூர் மில்கள் எல்லாம் ஒண்ணா லீவு விட்டு, ஊரே ராமேஸ்வரம் கிளம்பின மாதிரி நினைச்சுக்கோங்க. காலாற நடக்க நீளமான நடைபாதை, கடலுக்குள் நீளும் மரப்பாலமான 'பியர்', சின்னச் சின்ன லாட்ஜ்கள், பொட்டலத்தில் மீனும் சிப்ஸும். எல்லாமே அந்தக் கூட்டத்துக்காகப் பெருகியவை.

1960, 70-களில் ஸ்பெயினுக்கு மலிவு விமான டூர்கள் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. பிளாக்பூல் அதிலிருந்து இன்னும் முழுசாக மீளவில்லை. 2019-ல் அரசு வெளியிட்ட பின்தங்கிய பகுதிகளின் பட்டியலில், சராசரி மதிப்பெண்படி இங்கிலாந்திலேயே முதலிடம் இந்த ஊருக்குத்தான். 'அட, ரூம் இவ்ளோ சீப்பா!' என்று சந்தோஷப்படும்போது இதையும் ஞாபகம் வெச்சுக்கலாம். எப்படியும் டீ குடிக்கப்போறோம். அதை பெரிய செயின் கடையில் குடிக்காமல், அந்த ஊர்க்காரர் நடத்தும் சின்ன கஃபேயில் குடித்தால் காசு அந்த ஊரிலேயே நிற்கும்.

காசு எங்கே கரையுது?

பெரும்பாலான கடற்கரைகளுக்கு டிக்கெட் கிடையாது. பர்ஸைக் காலி பண்ணுவது ரயில்தான். ஸ்டேஷனுக்குப் போய் அவசரமாக வாங்கும் டிக்கெட்டுக்கும், முன்கூட்டியே வாங்கும் 'அட்வான்ஸ்' டிக்கெட்டுக்கும் சில ரூட்களில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். இந்த டிக்கெட்கள் பொதுவாக 12 வாரங்களுக்கு முன்பே விற்பனைக்கு வரத் தொடங்கும். ஆனால், குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலில் மட்டும்தான் செல்லும். தூங்கிப்போய் ரயிலை விட்டால் புது டிக்கெட்தான்.

அடுத்தது, '16-25 ரயில்கார்டு'. 2025 நிலவரப்படி வருஷத்துக்கு 35 பவுண்டு. பெரும்பாலான டிக்கெட்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வெளிநாட்டு மாணவர்களும் வாங்கலாம். 25 வயசு தாண்டியவர்களும் முழுநேர மாணவர்களாக இருந்தால் இதே கார்டு கிடைக்கும். மொத்தமாக 105 பவுண்டுக்கு டிக்கெட் வாங்கினாலே கார்டு காசு திரும்பிவிடும். ஒரு கண்டிஷன்: வார நாள்களில் அதிகாலை 4.30 முதல் 10 மணி வரை குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட்டில் அது கிடையாது. சனி, ஞாயிறில் இந்தத் தலைவலியே இல்லை. மூணு பேரோ அதுக்கு மேலோ கேங்காகப் போனால் 'குரூப்சேவ்' என்று இன்னொரு தள்ளுபடி இருக்கிறது. கார்டே வேண்டாம், ஆனால் எல்லா ரயில் கம்பெனிகளிலும் கிடைக்காது.

பஸ் இன்னும் பெஸ்ட். இங்கிலாந்தில் திட்டத்தில் சேர்ந்துள்ள பஸ்களில், 2025 ஜனவரியிலிருந்து ஒருவழிக் கட்டண உச்சவரம்பு 3 பவுண்டு. பிரைட்டனில் இருந்து ஈஸ்ட்போர்ன் போகும் 'கோஸ்டர்' டபுள் டெக்கரில் மாடியில் முன் சீட்டைப் பிடித்துவிட்டால், செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்பு மலைப் பகுதி வழியாக ஒரு சைட்சீயிங் டூரே முடிந்துவிடும். இறங்கி நடந்தால் மலை விளிம்பில் நின்று ரீல்ஸ் மட்டும் எடுக்காதீங்க. அது சுண்ணாம்பு, சொல்லாமல் கொள்ளாமல் சரியும்.

ரூம் செலவை மிச்சப்படுத்தணுமா? ஜூனில் போங்க. சூரியன் மறையவே இரவு 9 மணி தாண்டும். காலையில் போய் இரவு திரும்பினால் ஒரு முழு நாள் கிடைக்கும். ஸ்கூல் லீவு வரும் ஜூலை கடைசி, ஆகஸ்ட்டில் ரூம் விலை எகிறிவிடும்.

எந்த ஊர்?

லண்டனில் இருந்து சவுத்எண்ட் ஏறக்குறைய ஒரு மணி நேரம். உலகிலேயே நீளமான பொழுதுபோக்கு பியர் இங்கேதான், 2 கிலோமீட்டருக்கும் மேல். அதன் மேலேயே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. மார்கேட்டில் 2011-ல் திறந்த டர்னர் கன்டெம்பரரி ஆர்ட் கேலரிக்கு அனுமதி இலவசம். மழை வந்தால் (வரும்!) ஒதுங்க அருமையான இடம். பிளாக்பூலுக்கு இலையுதிர் காலத்தில் போனால், 1879-ல் தொடங்கிய விளக்கு அலங்காரத்தை நடைபாதையில் நடந்தபடியே ஓசியில் பார்க்கலாம்.

பிரைட்டன் பீச்சில் மணலே இல்லை, எல்லாம் கூழாங்கல். செருப்பைக் கழற்றினால் அழுகை வரும். ஆனால், நம்மை நிறுத்திவைக்கும் விஷயம் ஊருக்கு வெளியே புல்மேட்டில் இருக்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்திய வீரர்களுக்கு, பிரைட்டனின் ராயல் பெவிலியன் அரண்மனையே ஆஸ்பத்திரியாக இருந்தது. சிகிச்சை பலனின்றி இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை எரியூட்டிய இடத்தில், 1921-ல் எழுப்பிய வெள்ளைப் பளிங்கு மண்டபம்தான் 'சத்ரி'. பஸ்ஸில் பாட்சம் வரை போய், அங்கிருந்து மேடேறி நடக்கணும். டிக்கெட் இல்லை, கடையும் இல்லை. தண்ணீர் பாட்டில் எடுத்துட்டுப் போங்க.

சாப்பாட்டுக்கு, மீனும் சிப்ஸும் பல இடங்களில் 10 பவுண்டைத் தாண்டிவிட்டது. ஒரு பொட்டலம் வாங்கி இரண்டு பேர் பகிரலாம். இல்லையென்றால் சூப்பர் மார்க்கெட் 'மீல் டீல்' கைகொடுக்கும். எதைச் சாப்பிட்டாலும் கடற்புறாக்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும். கையில் இருப்பதைப் பிடுங்கிட்டுப் பறந்துடும்.

இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

2016 ஆகஸ்ட் 24. நல்ல வெயில். லண்டனில் இருந்து கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்கு ஒருநாள் டிரிப் போன ஐந்து நண்பர்கள் கடலில் மூழ்கி இறந்தார்கள். ஐந்து பேரும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள். அன்று அங்கே லைஃப்கார்டு கிடையாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் லைஃப்கார்டுகள் வந்தார்கள்.

மெரினாவைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கடல் புரியாது. நம் ஊரில் ஓதத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். பிரிட்டனின் செவர்ன் முகத்துவாரத்தில் அது 14 மீட்டர் வரை போகும். கேம்பர் மாதிரி தட்டையான மணல் கடற்கரையில் ஓதம் இறங்கும்போது கடல் ரொம்ப தூரம் உள்வாங்கும். நடுவில் இருக்கும் மணல்திட்டுகளில் விளையாடிக்கொண்டிருப்போம். தண்ணீர் முன்னாடி இருந்து வராது, திட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் சத்தமில்லாமல் ஏறும். திரும்பிப் பார்த்தால் கரைக்கு வழி இருக்காது.

குளிர் இன்னொரு ஆபத்து. வெயில் சுள்ளென்று அடித்தாலும் தண்ணீர் 15 டிகிரியை ஒட்டி இருக்கலாம். திடீரென்று இறங்கினால் மூச்சு வாங்கி, நீச்சல் தெரிந்தவரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். மாட்டிக்கொண்டால் நீந்திப் போராடாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கை கால்களை விரித்து மிதங்க. மூச்சு சீரான பிறகு உதவி கேளுங்க. கரையில் இருப்பவர்கள் 999-க்கு போன் போட்டு 'கோஸ்ட்கார்டு' என்று கேட்கணும். பின்னாடியே கடலில் குதிக்கக் கூடாது.

அதனால், ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே லைஃப்கார்டு இருக்கும் கடற்கரையா, எந்த மாசம், எத்தனை மணி வரை என்று பாருங்க. சிவப்பு, மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்க. சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது. ஊர்ப் பெயரோடு 'டைட் டைம்ஸ்' என்று போனில் தேடினால் அன்றைய ஓத நேரம் வந்துவிடும். மணலில் நடக்கக் கிளம்பும் முன், தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்துக்கு ஒரு அலாரம் வெச்சுடுங்க.