சாகாத ‘கிரிக்கெட் 07’: தோனிக்கு மஞ்சள் ஜெர்சி மாட்டியது யார்?

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்த 90ஸ் கிட்ஸிடம் ‘கிரிக்கெட் 07’ என்று சொல்லிப் பாருங்க, முகம் மலரும். 2006-ல் இஏ ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட கேம் இது. ஐபிஎல் தொடங்கியதோ 2008-ல். அப்புறம் எப்படி அதில் சிஎஸ்கே வந்தது?

ரசிகர்கள்தான் காரணம். லைசென்ஸ் இல்லாததால் ஒரிஜினலில் இந்திய வீரர்களின் நிஜப் பெயர்கூட கிடையாது. ஆன்லைனில் கூடிய ரசிகர்கள் பெயர், முகம், ஜெர்சி, ஸ்டேடியம் என எல்லாவற்றையும் மாற்றி, ‘பேட்ச்’ ஃபைல்களாக இலவசமாகப் பகிர்ந்தார்கள். நெட் இல்லாத வீட்டுக்கு அது பென்டிரைவில் போகும்.

ஆனா, ஈஸியா சிக்ஸர் அடிக்கிற டெக்னிக்கும் அதே ரசிகர்கள் வழியாகத்தான் பரவியது. அது தெரிஞ்சுட்டா ஹார்டு லெவல்கூட போரடிக்கும், தெரியாமலே இருந்திருக்கலாம்! கண்ட லிங்க்கில் தேடினால் வைரஸும் இலவசம். பேட்ச் போடும் முன் பழைய ஃபோல்டரை காப்பி எடுத்து வைங்க. சொதப்பினால் திரும்ப அதுதான் வழி.