யாழ்ப்பாணத்து வீடும் ஒலிபெருக்கியும்

வீணையின் குடம் பாடுவதற்கென்றே குடையப்பட்டது. பண்டை யாழின் பத்தரும் அத்தகையதே. நரம்பின் மெல்லிய அதிர்வைத் தான் ஏற்றுத் தானும் அதிர்ந்து, அதனைச் செவிக்கு எட்டும் இசையாக்குவது அதன் தொழில். விஞ்ஞானப் பயிற்சியும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே வாய்த்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ் நூலில் அக்கருவியின் உறுப்புக்களையும் நரம்புகளின் அளவுகளையும் கணக்கிட்டு ஆராய்ந்தார். யாழைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊரில் வாழும் நமக்குப் 'பெட்டி அதிர்ந்தால் இசை வளரும்' என்னும் எண்ணம் இயல்பாகவே தோன்றும். ஒலிபெருக்கி வாங்கப் புறப்படுவோர் முதலில் விடவேண்டிய எண்ணமும் அதுவே.

ஒலிபெருக்கிப் பெட்டி ஊமையாக இருத்தல் வேண்டும். பாடவேண்டியது அதன் முகத்திலுள்ள கூம்பு மட்டுமே. கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறத்துக் காற்று நெருங்குகிறது. பின்புறத்துக் காற்று தளர்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்தால் தாழ்ந்த சுரங்கள் தம்முள் அழிந்துவிடும். அவை சந்தியாமற் காப்பதற்கே பெட்டி. பெட்டியின் பலகையும் சேர்ந்து பாடினால், பாடகர் குரலோடு பலகையின் குரலையும் நாம் கேட்க நேரும். கடையில் நிற்கும்போது விரலை மடக்கிப் பக்கப் பலகையைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று உடனே அடங்குவது நல்லது. மேளம்போல் முழங்குமாயின், விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுக.

ஆயினும் பெட்டியைவிடப் பெரிய பெட்டி ஒன்று உண்டு, அதுதான் அறை. இதனை முதன்முதல் கணக்கிட்டுக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் வாலஸ் சபீன். 1895ஆம் ஆண்டளவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து விரிவுரை மண்டபம் ஒன்றில், பேசிய சொல் ஐந்தரைச் செக்கன் வரை அடங்காது முழங்கிக் கொண்டிருந்தது. இளம் பௌதிக ஆசிரியராகிய சபீனிடம் அக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு வந்தது. அவர் அயலிலுள்ள அரங்கின் இருக்கை மெத்தைகளை இராக்காலங்களிற் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஓர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். அந்த அளவைகளிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் வழங்குகிறது. அவர் வகுத்த அலகு நமக்குச் சுவையானது: திறந்த யன்னலின் ஒரு சதுர அடி. திறந்த யன்னலால் வெளியே போன ஒலி திரும்பி வாராது; ஆகவே அதுவே நிறைவான உறிஞ்சி.

இந்த அலகைக் கொண்டு நம் வீட்டை அளந்து பார்ப்போம். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட சீமெந்து அறை. தளமும் சீமெந்து, மேற்றட்டும் சீமெந்து. மொத்தப் பரப்பு 900 சதுர அடி. சாந்து பூசிய சுவர் தன்மேற் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உறிஞ்சும் என்று கொண்டால், அறை முழுவதும் 27 அடித் திறந்த யன்னலுக்குச் சமம். கனவளவு 1800 கன அடி. சூத்திரப்படி ஒலி அடங்க மூன்று செக்கனுக்கு மேலாகும்! இசை கேட்கும் அறைக்கு அரைச் செக்கன் அளவே போதுமானது. இனி ஒரு கதவையும் இரண்டு யன்னல்களையும் திறவுங்கள். ஏறத்தாழ 45 சதுர அடி வெளி கிடைக்கிறது. மூன்று செக்கன் ஒன்றேகாலாகச் சுருங்குகிறது. ஐந்து பேர் வந்து அமர்ந்தால் ஒரு செக்கனுக்குள் அடங்கும். பஞ்சு மெத்தை ஒன்று, புத்தகம் நிறைந்த இறாக்கை ஒன்று, கனத்த திரைச்சீலை ஒன்று எனச் சேர்த்தால் இன்னும் இறங்கும். பனையோலைப் பாய் மட்டும் அதிகம் உதவாது, அது மெல்லியது.

இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபின் நாற்சார் வீட்டின்மேல் மதிப்பு உயர்கிறது. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சுற்றித் திறந்த விறாந்தை. அங்கே ஒலி சுவருக்குச் சுவர் பந்தாடுவதற்கு இடமில்லை. மண்சுவரும் சாணகம் மெழுகிய தரையும் கிடுகுக் கூரையும் கொண்ட கொட்டிலில் தேவாரம் இனிமையாகக் கேட்டதற்கும் பக்தி ஒன்றே காரணமன்று. கிடுகும் ஒரு காரணம். புதிய வீடுகளிற் கண்ணாடி யன்னலும் மினுங்கும் தளவோடும் வந்துவிட்டன. அவ்வீடுகளுக்கே கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் உறவினர் மார்பளவு உயர்ந்த பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குகின்றனர். அன்பினால் வந்த பொருளைக் குறைகூற மனம் வராது. ஆயினும் அறை முழங்கும்போது பெட்டி பெரிதாகப் பெரிதாகக் குழப்பமும் பெரிதாகும்.

தாழ்ந்த சுரங்களுக்கு அறை வேறொரு தொல்லை தரும். 15 அடி நீளம் செக்கனுக்கு 38 அதிர்வுள்ள சுரத்தையும், 12 அடி அகலம் 48 அதிர்வுள்ளதையும், 10 அடி உயரம் 57 அதிர்வுள்ளதையும் தனித்தனியே தூக்கி நிறுத்தும். மூன்றும் வெவ்வேறாக இருப்பதால் தீமை பரவிப் போகிறது. நீளமும் அகலமும் 12 அடியான சதுர அறையிலோ இரண்டும் ஒரே மீடிறனில் விழுந்து, தவிலின் தொப்பி அடி ஒவ்வொன்றும் வீங்கிக் கேட்கும். அத்தகைய அறையில் பெட்டியை மூலையில் வைத்தல் கூடாது. சுவரைவிட்டு இரண்டு மூன்று அடி முன்னே நகர்த்தி வைத்துக் கேட்டுப் பாருங்கள், செலவில்லாத மருந்து.

நம் இசைக்கு மிகத் தாழ்ந்த சுரங்கள் அவ்வளவு வேண்டியனவும் அல்ல. ஆண்குரலுக்குச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தரசட்சமே செக்கனுக்கு 65 அதிர்வளவில் நிற்கிறது. அதற்குக் கீழுள்ளதெல்லாம் மேனாட்டு ஓர்கனுக்கும் திரைப்பட இடிமுழக்கத்துக்கும் உரியது. குரலும் வயலினும் வாழும் நடுப்பகுதி தெளிவாக ஒலிக்கும் சிறு பெட்டியே சீமெந்து அறைக்குப் பொருத்தம் என்பது என் துணிபு.

இனி அம்பிளிபயர், பாடநூல்கள் இதனை விரியலாக்கி என்னும். எத்தனை உவாற்று என்பதே கடையில் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதைவிட முக்கியமானது பெட்டியின் உணர்திறன். ஒரு உவாற்று கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளக்கும்போது ஒரு பெட்டி 90 டெசிபெல் தரும்; இன்னொன்று 84 தரும். வித்தியாசம் ஆறுதானே என்று எண்ணவேண்டாம். முன்னதை 10 உவாற்று எந்த அளவுக்கு ஒலிக்கச் செய்யுமோ, பின்னதை அந்த அளவுக்கு ஒலிக்கச் செய்ய 40 உவாற்று வேண்டும். 1954இல் எட்கார் வில்ச்சர் காற்றடைத்த சிறு பெட்டியிலிருந்து ஆழ்ந்த சுரத்தை வருவித்தார். அதற்கு விலையாக உணர்திறன் குறைந்தது. வலிய விரியலாக்கிகள் தேவையாயின. சிறிய பெட்டி, ஆழ்ந்த சுரம், உயர்ந்த உணர்திறன் என்ற மூன்றில் இரண்டைத்தான் இயற்கை தரும். மூன்றும் உண்டென்று சொல்லும் விளம்பரத்தை நம்பவேண்டியதில்லை.

சிறு வலுவின் அருமை குடாநாட்டாருக்கு ஒருவர் சொல்லித் தெரியவேண்டியதன்று. 1990இல் மின்சாரம் நின்றது. மின்கலங்களும் தடைப்பட்டியலில் இருந்தன. அவ்வாண்டுகளில் சைக்கிளை நிறுத்திவைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னால் வானொலி கேட்டனர். அந்த டைனமோ தரக்கூடியது 6 உவோல்ற்றும் 3 உவாற்றுமே. அதுவும் ஆடலோட்டம், இருவாயிகளாலும் கொள்ளளவியாலும் நேராக்கிய பின்னரே வானொலி ஏற்கும். அதிலிருந்து ஒலிபெருக்கியின் கூம்புக்குச் சென்றது ஒரு உவாற்றின் சிறு பகுதியே. கால் உவாற்றென்று கொண்டாலும், 85 டெசிபெல் உணர்திறனுள்ள கூம்பு ஒரு மீற்றர் தூரத்தில் 79 டெசிபெல் ஒலிக்கும். அது மனிதர் உரையாடும் குரலைவிட உரத்தது. சுற்றுபவர் கை ஓய்ந்தால் செய்தி பாதியில் மங்கும். ஆகவே மாறிமாறிச் சுற்றினர். அயல் முழுவதும் கூடிநின்று செய்தி கேட்டதற்கு அந்தக் கால் உவாற்று போதியதாயிற்று.

அப்படியானால் பெரிய விரியலாக்கி வீணோ எனில், அன்று. தவில் அதற்கு விடை சொல்லும். இணுவிலும் அளவெட்டியும் வளர்த்த கலை அது. தெட்சணாமூர்த்தியின் (1933–1975) வாசிப்பு நமக்கு இன்று ஒலிப்பதிவாகவே எஞ்சியுள்ளது. விரற்கூடு வலந்தலையில் விழும் கணத்தில் ஒலி சராசரியைவிடப் பத்து டெசிபெல், சிலவேளை அதனினும் கூடுதலாகத் தாவும். பத்து டெசிபெல் என்பது பத்து மடங்கு வலு. சராசரிக்கு இரண்டு உவாற்று செலவாகும் இடத்தில் அக்கணத்துக்கு இருபது வேண்டும். இல்லையேல் அடியின் முனை மழுங்கிக் கரகரப்பாகும். அந்தக் கரகரப்பிலே உயர்சுரத்துக்கான சிறு கூம்பு எரிந்துபோவதும் உண்டு. உவாற்றுக் கூடியதால் எரிந்தது என்று பலர் எண்ணுவர். குறைந்த விரியலாக்கியை அளவுமீறித் திருகியதால் எரிந்தவையே பல.

ஓம் கணக்கையும் பாராமல் விடக்கூடாது. மண்டபத்துக்கு ஒரு சோடி, விறாந்தைக்கு இன்னொரு சோடி என்று 8 ஓம் பெட்டிகளை ஒரே முனையிற் சமாந்தரமாகத் தொடுப்பது நம்மிடையே வழக்கம். அப்போது விரியலாக்கி காண்பது 4 ஓம், மின்னோட்டம் இரட்டிக்கிறது. அதற்கென அமையாத கருவி வெந்து நிற்கும். விறாந்தைக்கு ஓடும் கம்பியும் தடிப்பாக இருக்கவேண்டும். அரைச் சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியை 20 மீற்றர் தூரம் இழுத்து 4 ஓம் பெட்டி ஒன்றைத் தொடுத்தால், வலுவிற் கால்பங்கு கம்பியிலேயே வெப்பமாகிவிடும்.

வெளிநாட்டுப் பெட்டியை வாங்கும்போது கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சுபோன்ற நுரை விளிம்பு நம் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். இறப்பர் விளிம்பு நெடுநாள் நிற்கும். பெட்டிக்கு மின்னழுத்த வேறுபாடு ஒரு பொருட்டன்று. ஆனால் கனடாவிலிருந்து வந்த விரியலாக்கி 120 உவோல்ற்றுக்கு அமைந்தது. நம் சுவரில் இருப்பது 230. இடையில் மாற்றி வையாமற் செருகினால், பாட்டுக்கு முன் புகை வரும்.